ஸ்டூடியோவிலிருந்து ஆய்வுக்கு: எந்த முறை யாருக்குப் பொருந்தும்?

ஒலிப்பதிவு படித்தவர்கள், பல வருடம் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள், இசை சொல்லிக்கொடுப்பவர்கள் என்று பலரும் இப்போது ஆய்வுப் பக்கம் வருகிறார்கள். தலைப்பு எல்லோரிடமும் தயாராக இருக்கிறது: ‘கர்நாடக இசை ஒலிப்பதிவில் மைக் அமைப்புகள்’, ‘தமிழ்த் திரைப்படங்களில் ஒலி வடிவமைப்பு’ என்று ஏதாவது ஒன்று. சரி, அதை எப்படி ஆராயப் போகிறீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. கேட்டல் சோதனையா, நேர்காணலா, கணினி அலசலா, சொந்தப் படைப்பையே ஆய்வாக வைப்பதா, வகுப்பறையில் செய்வதா? தெரிந்த நண்பர் எதைச் செய்தாரோ அதையே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பாதி வழியில் மாட்டிக்கொள்வதற்கு அது ஒன்றே போதும்.

ஒப்பிட வசதியாக ஒரே விஷயத்தை ஐந்து முறைகளிலும் வைத்துப் பார்ப்போம்: மிருதங்கத்தை ஒலிப்பதிவு செய்வது. மிருதங்கத்தின் ஒலிக்கு ஆய்வு வரலாறு உண்டு. சி. வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். 1934இல் அதையே விரித்து எழுதினார். சாதாரணத் தோலில் எழும் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுருதிக்கு மேலே கூடவே ஒலிப்பவை) ஒன்றோடொன்று சேராமல் சிதறிக் கிடக்கும். வலந்தலையின் (வலது பக்கத் தோல்) நடுவில் ஏற்றும் கரணை (கறுப்புப் பூச்சு) அவற்றை இழுத்து, அடிப்படைச் சுருதியின் மடங்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதனால்தான் மிருதங்கம் சுருதி சேர்கிறது. இவ்வளவு தெரிந்த பிறகும், அதன் முன்னால் மைக்கை எங்கே வைப்பது என்பதில் இரண்டு இன்ஜினியர்கள் ஒத்துப்போவது அபூர்வம். ஆய்வுக்கு இடம் நிறையவே இருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் கேள்வியின் வகை. ‘வித்தியாசம் கேட்கிறதா’ என்பது ஒரு வகை, ‘ஏன் இப்படிச் செய்கிறார்கள்’ என்பது வேறு வகை. ஒன்றுக்கான கருவியை மற்றொன்றுக்குப் பயன்படுத்த முடியாது.

இரண்டாவது காலம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் பொதுவாக 6 ஆண்டு. பகுதி நேரமாகவும் சேரலாம். அதே விதிமுறை எம்.பில். பட்டத்தை நிறுத்திவிட்டது. இதன் விளைவை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு முறையைச் சின்ன அளவில் செய்து பார்த்து, ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளும் இடமாக எம்.பில். இருந்தது. இப்போது அதற்கு மிச்சம் இருப்பது முதுகலை ஆய்வேடு மட்டும்தான்.

மூன்றாவது பணம். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் (2023 முதல் உள்ள தொகை). கிடைக்காவிட்டால் ஸ்டூடியோ வேலையோடு சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும், அப்போது இரவில் தனியாகச் செய்யக்கூடிய முறைக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது.

நான்காவது, மற்றவர்களின் சம்மதம். உங்கள் ஆய்வு எத்தனை பேருடைய நேரத்தையும் அனுமதியையும் நம்பி இருக்கிறது? தாமதத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. கடைசியாக, நெறியாளரும் துறையும். உங்கள் முறையைப் படித்து மதிப்பிடத் தெரிந்தவர் அந்தத் துறையில் இருக்கிறாரா என்று பார்க்காமல் சேரக் கூடாது.

கீழே உள்ள காலக் கணக்கு ஒரு முதுகலை ஆய்வேட்டு அளவுக்கு என் மதிப்பீடு.

| முறை | எந்தக் கேள்விக்கு | காலம் | கண்ணுக்குத் தெரியும் செலவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| கேட்டல் சோதனை | வித்தியாசம் தெரிகிறதா, எது பிடிக்கிறது | 4–6 மாதம் | மைக், ஹெட்போன், அமைதியான அறை | கேட்பவர்களைத் திரட்டுவது, புள்ளியியல் |
| ஸ்டூடியோ களப்பணி | ஏன் இப்படிச் செய்கிறார்கள் | 8–12 மாதம் | பயணம், ரெக்கார்டர் | பேச்சை எழுத்தாக்குவது, ரகசியம் காப்பது |
| கணினி அலசல் | நூற்றுக்கணக்கான பதிவுகளில் என்ன போக்கு | 4–8 மாதம் | லேப்டாப் | தரவைச் சுத்தம் செய்வது, நிரல் கற்பது |
| படைப்புவழி ஆய்வு | செய்து பார்த்தால் மட்டும் தெரியவருவது | 10 மாதத்துக்கு மேல் | ஸ்டூடியோ வாடகை, கலைஞர் ஊதியம் | ஆவணப்படுத்துவது, உரிமைகள், துறையின் ஒப்புதல் |
| வகுப்பறை ஆய்வு | எப்படிக் கற்கிறார்கள் | ஒரு கல்வியாண்டு | அநேகமாக இல்லை | பெற்றோர் சம்மதம், தேர்வு அட்டவணை |

## கேட்டல் சோதனை

‘தொப்பிக்கு (மிருதங்கத்தின் இடது பக்கம்) 15 செ.மீ. தூரத்தில் வைத்த மைக்குக்கும் 40 செ.மீ. தூரத்தில் வைத்த மைக்குக்கும் உள்ள வித்தியாசம் கேட்பவருக்குத் தெரிகிறதா, தெரிந்தால் எதை விரும்புகிறார்?’ கேள்வி இப்படி இருந்தால் வேறு முறையைத் தேட வேண்டாம்.

இதற்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைகள் இருக்கின்றன. மிக நுண்ணிய குறைகளைக் கண்டுபிடிக்க பிஎஸ்.1116, நடுத்தரத் தர வித்தியாசங்களுக்கு பிஎஸ்.1534. இரண்டாவதைத்தான் எல்லோரும் முஷ்ரா என்கிறார்கள். அதில் கேட்பவர் ஒவ்வொரு மாதிரிக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார். மாதிரிகளுக்கு நடுவே அசல் ஒலியும், 3.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிய மட்டமான ஒலியும் அடையாளம் சொல்லாமல் கலந்திருக்கும். அசலுக்கே அடிக்கடி 90க்குக் கீழே போடுகிறவரின் விடைகளை விலக்கிவிடலாம்.

மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். முஷ்ரா, சுருக்கப்பட்ட ஒலியை அசலோடு ஒப்பிட உருவானது. இரண்டு மைக் அமைப்புகளையோ இரண்டு மிக்ஸ்களையோ ஒப்பிடும்போது அங்கே அசல் என்று ஒன்று இல்லை. எதை அசலாக வைத்தாலும் முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டது போலத்தான். பரீட்சகர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாக இருக்கும். அசல் இல்லாமல் பல மாதிரிகளை ஒரே திரையில் வைத்து மதிப்பிடும் சோதனை இதற்குச் சரி. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பங்கேற்று உருவாக்கி 2015இல் அறிமுகமான ‘வெப் ஆடியோ எவால்யுவேஷன் டூல்’ பிரவுசரிலேயே ஓடும், இலவசம், அசல் இல்லாத சோதனையையும் நடத்தும்.

அடுத்தது சத்த அளவு. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே ‘நல்ல பதிவு’ என்று மதிப்பெண் வாங்கிவிடலாம். எல்லா மாதிரிகளையும் பிஎஸ்.1770 அளவீட்டில் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகும் காதால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மிருதங்கம் அடியும் இடைவெளியுமாக வருகிற வாத்தியம். சராசரி ஒன்றாக இருந்தாலும் உச்சங்கள் வேறாக இருக்கும்.

இன்னொன்று, மனிதர் இரண்டு முறை ஒரே மாதிரி வாசிக்க மாட்டார். ஒரு டேக்கை 15 செ.மீ.யிலும் அடுத்த டேக்கை 40 செ.மீ.யிலும் எடுத்தால் நீங்கள் ஒப்பிடுவது மைக்கை இல்லை, வாசிப்பை. எல்லா மைக்கையும் ஒரே நேரத்தில் வைத்து ஒரே வாசிப்பைப் பிடியுங்கள். ஒரே ரக மைக் பல வேண்டியிருக்கும், வாடகையை இப்போதே விசாரியுங்கள்.

மறைமுகச் செலவில் பெரியது கேட்பவர்கள். காது பழகிய 20 பேரை ஒரே ஹெட்போனில், ஒரே அறையில் உட்காரவைப்பது சொல்வதைவிடக் கடினம். மார்கழியில் சென்னையில் ஒரு வித்வானும் கிடைக்க மாட்டார். அட்டவணையை ஜூலை, ஆகஸ்டில் வையுங்கள். ஒரு அமர்வு அரை மணி நேரத்தைத் தாண்டினால் காது களைத்துப்போய், கடைசி மதிப்பெண்களுக்கு அர்த்தமில்லாமல் போகும்.

இவ்வளவும் செய்து கிடைக்கும் விடை சின்னதாக இருக்கும். ‘இந்த வாசிப்பில், இந்த அறையில், இவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாக விரும்பினார்கள்’ என்ற அளவுதான். அது போதும் என்று தோன்றுகிறவர்கள் வரலாம். பெரிய பெரிய முடிவுகளை எழுத ஆசை இருப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

## ஸ்டூடியோ களப்பணி

அதே மைக் விஷயத்தில் ‘ஏன்’ என்று கேட்டால் கதை மாறுகிறது. மிருதங்கத்தைத் தனி அறையில் உட்காரவைப்பது யாருடைய முடிவு? வித்வான் தன் ஒலியைப் பற்றிச் சொல்லும் வார்த்தையும் இன்ஜினியர் சொல்லும் வார்த்தையும் எங்கே விலகுகின்றன? கடைசி மிக்ஸில் யார் பேச்சு எடுபடுகிறது? இதையெல்லாம் உடனிருந்து பார்த்தும், உட்கார்ந்து பேசியும்தான் தெரிந்துகொள்ள முடியும்.

முன்மாதிரிகள் உண்டு. ஜோகன்னஸ்பர்க் ஸ்டூடியோ ஒன்றில் லூயிஸ் மைன்ட்ஜெஸ் செய்த களப்பணி 2003இல் நூலானது. மும்பைத் திரையிசை வாத்தியக்காரர்களிடம் கிரெகரி பூத் எடுத்த நேர்காணல்கள் 2008இல் வந்தன. நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது தமிழ்ப் பின்னணிப் பாடகர்களைப் பற்றி அமாண்டா வைட்மன் எழுதி 2021இல் வெளியான ஆய்வு. கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. களப்பணி என்றால் ‘நாலு பேரிடம் பேட்டி’ என்று நினைப்பவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

ஏற்கெனவே ஸ்டூடியோவில் வேலை செய்பவருக்கு உள்ளே நுழைவது சுலபம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நேற்றுவரை டீ குடித்துக்கொண்டு பேசியது இன்று தரவு என்றால், பக்கத்தில் இருப்பவர் பேசுவதை நிறுத்திவிடுவார். வெளிவராத படப் பாடலைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது, தயாரிப்புத் தரப்போடு போட்ட ஒப்பந்தம் அதைத் தடுக்கும். சீனியர் பக்கத்தில் இருக்கும்போது அசிஸ்டென்ட் வாயைத் திறக்க மாட்டார், அவரைத் தனியாகத்தான் பிடிக்க வேண்டும். பெயரை மறைப்பதும் அவ்வளவு சுலபமில்லை. ‘ஒரு மூத்த மிருதங்க வித்வான்’ என்று எழுதிவிட்டு அவர் வாசித்த ஒரு கச்சேரியைக் குறிப்பிட்டால் போதும், சபா வாசலில் நிற்பவர்கூட யாரென்று சொல்லிவிடுவார்.

அப்புறம், பேச்சை எழுத்தாக்குவது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியத்தில் ஜதியும் கம்ப்ரஸரும் சுருதிப்பெட்டியும் வரும் பேச்சைத் தானாக எழுதும் மென்பொருள்கள் நன்றாகவே குழப்பும்.

எழுதப் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

## பதிவுகளைக் கணினியில் அலசுவது

இசை படித்தவர்கள் கேட்டவுடன் பின்வாங்கும் முறை இது. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டு, உதவித்தொகை இல்லாமல், யாருடைய தேதிக்கும் காத்திருக்க முடியாத ஒருவருக்கு இதைவிட நடைமுறைக்கு ஒத்த வழி இல்லை என்பது என் கருத்து. லேப்டாப் இருந்தால் இரவு பதினொரு மணிக்கு வேலையைத் தொடங்கலாம்.

தரவும் இருக்கிறது. பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில், ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்தின் நிதியில் 2011இல் தொடங்கிய ‘காம்ப்மியூசிக்’ திட்டம் ஐந்து இசை மரபுகளை எடுத்துக்கொண்டது, கர்நாடக இசை அவற்றில் ஒன்று. சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழு அதில் பங்கேற்றது. ‘சராகா’ என்ற தொகுப்பில் கர்நாடகக் கச்சேரிப் பதிவுகள் குறிப்புகளோடு கிடைக்கின்றன, பலவற்றுக்குக் குரல், வயலின், மிருதங்கம் என்று தனித்தனி டிராக்குகளும் உண்டு. மிருதங்கத்துக்கென்றே ஒரு தொகுப்பில் 10 வகைச் சொற்கள் (தா, தொம் போல அடிகளுக்கு உள்ள பெயர்கள்), 6 சுருதிகளில், ஆயிரக்கணக்கான தனி அடிகளாக இருக்கின்றன. ஒலியைப் படமாகப் பார்க்க குவீன் மேரியின் ‘சோனிக் விஷுவலைசர்’, கணக்கிட ‘எசென்ஷியா’, ‘லிப்ரோசா’ எல்லாமே இலவசம். இசையைக் கணினியில் ஆராயும் துறையின் இஸ்மிர் மாநாட்டுக் கட்டுரைகளையும் காசு கொடுக்காமல் படிக்கலாம், அதனால் நூலக வசதி இல்லாத ஊரில் இருந்தாலும் பின்தங்க வேண்டியதில்லை.

இப்போது மறுபக்கம். மேடையில் எடுத்த தனி டிராக்குகள் உண்மையில் தனியாக இருப்பதில்லை. மிருதங்க மைக்கில் வயலினும் குரலும் கசிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் அதிர்வெண் சராசரி எடுத்தால் பாடகரின் குரலை அளந்துவிட்டு மிருதங்கம் என்று எழுதிவைப்பீர்கள். அடுத்து, இப்படிப்பட்ட தொகுப்புகளில் எந்த மைக், எவ்வளவு தூரம் என்ற விவரத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே நம்முடைய 15 செ.மீ. கேள்விக்கு இங்கே விடை கிடைக்காது. கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். ‘சுருதி மாறும்போது தொம் என்ற சொல்லின் ஒலி அடங்கும் நேரம் எப்படி மாறுகிறது?’ என்று கேட்டால் விடை வரும். இந்த மாற்றம் உங்களுக்குச் சம்மதமா என்று முதலில் யோசியுங்கள். அளக்க முடிவதை மட்டும் கேட்டுக் கேட்டு, தொடங்கிய ஆர்வம் எங்கே போனது என்று தேடுகிறவர்கள் இந்தத் துறையில் உண்டு.

உரிமத்தையும் படித்துவிடுங்கள். சராகா வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். அதை வைத்துப் பிளக்இன் (ஒலிப்பதிவு மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்) செய்து விற்கும் யோசனை இருந்தால் தரவை நீங்களே பதிவு செய்ய வேண்டும். இசைத் துறையில் சேர்ந்து இதைச் செய்வதாக இருந்தால், பொறியியல் பக்கத்திலிருந்து ஒரு இணை நெறியாளரைப் பதிவுக்கு முன்பே பேசிவைப்பது நல்லது.

## படைப்புவழி ஆய்வு

‘நான்தான் தினமும் மிக்ஸ் செய்கிறேனே, அதையே ஆய்வாக்கிவிடலாம்.’ எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஐந்தில் சுலபமாகத் தெரிவதும் இது, முடிக்கக் கடினமானதும் இதுதான்.

சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து லிண்டா காண்டி 2006இல் வெளியிட்ட வழிகாட்டி இதன் அடிப்படையைத் தெளிவாகச் சொல்கிறது: படைப்பதன் மூலமும் படைப்பின் மூலமும் ஒரு புதிய அறிவு கிடைக்க வேண்டும், அதைப் பிறர் அறியும்படி வைக்க வேண்டும். நல்ல ஆல்பம் என்பது மட்டும் ஆய்வாகிவிடாது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படைப்புத் தொகுப்பும் விளக்க எழுத்தும் சேர்ந்து முனைவர் பட்டத்துக்கு ஏற்கப்படுகின்றன. இங்கே விதிமுறைகள் ஆய்வேட்டை மையமாக வைத்தவை. உங்கள் பல்கலைக்கழகம் ஒலிக்கோப்புகளை ஆய்வேட்டின் பகுதியாக ஏற்குமா என்று வாய்ப்பேச்சில் இல்லாமல் கடிதத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்த முறைக்கு மிருதங்கத்தில் ஒரு அருமையான கேள்வி இருக்கிறது. கீபோர்டில் வாசிக்கும்படி மிருதங்கத்தின் சாம்பிள் தொகுப்பு (ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பதிந்துவைத்தது) ஒன்றை உருவாக்குவது. நம், தீம், சாப்பு போன்ற அடிகள் எல்லாம் எப்படியோ பிடிபட்டுவிடும். தொப்பியில் கும்கி (கையை அழுத்தித் தேய்த்து எழுப்பும் ஒலி) வாசிக்கும்போது சுருதி வழுக்கிப் போகும் விதம் எந்த சாம்பிளுக்குள்ளும் அடங்காது, ஏனென்றால் அது முன்னால் வந்த அடியையும் பின்னால் வரப்போகும் அடியையும் பொறுத்து மாறுகிறது. எது பிடிபட மறுக்கிறது, ஏன், அதற்கு என்ன மாற்று வழி கண்டீர்கள் என்பதுதான் ஆய்வு. ஒலி வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

ஆனால் ஆவணம் வேண்டும். நள்ளிரவில் இரண்டு டெசிபல் குறைத்தது ஏன் என்று மூன்று வருடம் கழித்து எழுத முடியாது. ஒவ்வொரு வடிவத்தையும் தேதியோடு சேமித்து, அன்றன்றே குறிப்பு எழுத வேண்டும். பிளக்இன் புதுப்பிக்கப்பட்டு பழைய செஷன் திறக்காமல் போவது சாதாரணம், முக்கியமான கட்டங்களை ஆடியோ கோப்புகளாகவும் எடுத்து வையுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் வாசிப்பவரின் உரிமைகள் வலுவாக இருக்கின்றன. ‘சார் தெரிந்தவர்தான்’ என்பது அனுமதி ஆகாது. எழுத்தில் வாங்க வேண்டும்.

## வகுப்பறை ஆய்வு

ஏற்கெனவே சொல்லிக்கொடுப்பவர்களுக்கு மட்டும். ‘சொற்கட்டை ஒலிப்பதிவு கேட்டுப் பயிலும் மாணவருக்கும் எதிரே உட்கார்ந்து பயிலும் மாணவருக்கும் கைவாசிப்பில் என்ன வித்தியாசம்?’ போன்ற கேள்விக்கு இது பொருந்தும். பெரிய எண்ணிக்கை அவசியமில்லை. லூசி கிரீன் 14 பாப் இசைக் கலைஞர்களிடம், அவர்கள் எப்படிக் கற்றார்கள் என்று கேட்டு 2001இல் எழுதியது, பிறகு இங்கிலாந்துப் பள்ளிகளில் இசை கற்பிக்கும் விதத்தையே தொட்டது.

ஆபத்து ஒன்றுதான், ஆனால் பெரியது. மதிப்பெண் போடும் ஆசிரியரே ஆய்வாளர் என்றால் மாணவர் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார். மதிப்பீட்டை வேறொருவரிடம் கொடுங்கள். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். தேர்வு மாதங்களில் ஒன்றும் நடக்காது.

## உங்கள் நிலையில் எது

ஒரு வருடத்தில் முதுகலை ஆய்வேடு முடிக்க வேண்டும், நல்ல அறையும் மைக்கும் கல்லூரியில் உண்டு என்றால் கேட்டல் சோதனை. வேலையை விட முடியாது, ஓரளவு கணக்கு பயமில்லை என்றால் கணினி அலசல். பத்து வருட ஸ்டூடியோப் பழக்கமும் பொறுமையும் இருந்து, முழுநேர முனைவர் பட்டம் செய்பவருக்குக் களப்பணி. அவரிடம் உள்ள தொடர்புகள் வேறு யாருக்கும் கிடைக்காது, அதை வீணாக்கக் கூடாது. வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பதாக இருந்து, கையில் முடித்த படைப்புகள் இருந்தால் படைப்புவழி. புள்ளியியலுக்குப் பயந்து மட்டும் நேர்காணலுக்குப் போகிறவர்களை நான் தடுத்துவிடுவேன். நேர்காணலை அலசுவது அதைவிட நீண்ட வேலை.

இரண்டைச் சேர்ப்பதும் உண்டு, வரிசை முக்கியம். முதலில் நாலைந்து இன்ஜினியர்களிடமும் வித்வான்களிடமும் பேசி, மிருதங்க ஒலிக்கு அவர்கள் சொல்லும் வார்த்தைகளை எடுங்கள்: ‘கணீர்’, ‘கனம்’, ‘டப்பா மாதிரி’, ‘அடைக்குது’. பிறகு அந்த வார்த்தைகளையே கேட்டல் சோதனையின் அளவுகோல்களாக வையுங்கள். இப்படிச் செய்தால் வேறொரு நாட்டுப் பட்டியலிலிருந்து உரிச்சொற்களைக் கடன் வாங்க வேண்டியதில்லை. மூன்றாவது முறை ஒன்றையும் சேர்க்கும் யோசனை வந்தால் கைவிடுங்கள், 6 ஆண்டும் அதற்குப் போதாது.

பதிவுக்கு முன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, தேர்ந்த முறையை இரண்டே பேரை வைத்தோ பத்தே ஒலிக்கோப்புகளை வைத்தோ முழுதாக ஓட்டிப் பாருங்கள்: சம்மதக் கடிதம், பதிவு, அலசல், ஒரு பக்க எழுத்து வரைக்கும். எங்கே இடிக்கிறது என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். அந்த ஒரு பக்கத்தை நெறியாளரிடம் கொடுத்து, ‘இதை நீங்கள் மதிப்பிட முடியுமா?’ என்று நேராகக் கேளுங்கள். அவர் தயங்கினால், கட்டணம் கட்டுவதை அடுத்த சேர்க்கைக் காலத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு வேறு நெறியாளரைத் தேடத் தொடங்குங்கள்.